துரை பங்களா ஹோட்டலாகிறது: எட்டு அறைக்கும் எட்டு விதமான அலங்காரம் கேட்கிறார்கள், எதை வைப்பது?

நிரை_நாற்பது (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம் உறவுகளே. நம்ம ஊரைத் தாண்டி உள்ளே போனால் ரப்பர் அழிந்து செம்பனையான ஒரு தோட்டம். மேட்டில், வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகி குடியிருந்த துரை பங்களா மட்டும் பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அதை இப்போது ஒரு குடும்பம் வாங்கியிருக்கிறது. பழைய கட்டடத்தை இடிக்காமல், வசதியான ஆட்கள் வந்து தங்கும் ஹோட்டலாக ஆக்கப் போகிறார்கள். கதவு, ஜன்னல், தரை, படிக்கட்டு என மரவேலை முழுதும் என் பொறுப்பு.

போன வாரம் வீட்டுக்கார அம்மா என்னிடம் கேட்டார்: "எட்டு அறை இருக்கு. எட்டும் எட்டு மாதிரி இருக்கணும். நீங்க இந்த ஊர்க்காரர்தானே, என்ன செய்யலாம்?" அலங்காரம் செய்ய வந்த பெண் ஏற்கனவே ஒரு பட்டியல் கொடுத்துவிட்டார். பாரிஸ் அறை, மொரோக்கோ அறை, ஆப்பிரிக்க வேட்டை அறை, ஆங்கிலக் கிராமத்து அறை. என் மனசு ஒப்பவில்லை. அந்தப் பெண் கெட்டிக்காரர்தான், வேலையும் சுத்தம். ஆனால் இந்த வீட்டுக்குள் காலடி வைக்காமலே எழுதக்கூடிய பட்டியல் அது.

வீட்டைச் சொல்கிறேன். செங்கல் கால்கள் மேல் தூக்கிக் கட்டியது. தரை முழுக்க செங்கால் என்கிற கெட்டியான மலேசிய மரம், இத்தனை வருடத்துக்கும் ஒரு பலகை வளையவில்லை. கூரைக்கு மேல் இன்னொரு சின்னக் கூரை. சூடான காற்று அந்த இடுக்கு வழியாக வெளியே போய்விடும். கிழக்கு அறைகளில் விடிகாலை வெயில், மேற்கில் மாலை மழைச் சாரல். குசினி (சமையலறை) தனியாகப் பின்னால் இருக்கிறது, அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மூடிய நடை. ஒவ்வொரு அறைக்கும் தனிக் குணம் ஏற்கனவே இருக்கிறது. அதைத் தூக்கிக் காட்டினால் போதாதா? யாராவது இந்த மாதிரி ஹோட்டல்களில் தங்கியிருந்தால் எழுதுங்கள். உண்மையிலேயே யோசனை தேவைப்படுகிறது.

---

ஈப்போ_வெள்ளைக்காப்பி

அண்ணே, நான் சுற்றுலாத் துறையில் இருப்பவன், வியாபாரக் கண்ணோடு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மடோனா இன் என்று ஒரு ஹோட்டல். 1958ல் வெறும் 12 அறையோடு தொடங்கினார்கள். இன்றைக்கு 110 அறை, ஒன்றைப் போல் ஒன்று இல்லை. பாறைச் சுவர் வைத்துக் குகை மாதிரி ஓர் அறை இருக்கிறது, அதற்காகவே காத்திருந்து வருகிறார்கள். அங்கே எந்த வரலாறும் யாரும் கேட்பதில்லை. மனுசன் ஒரு ராத்திரியாவது வேறு உலகத்தில் தூங்கணும்னு ஆசைப்படுகிறான், அவ்வளவுதான். பாரிஸ் அறை வைத்தால் என்ன தப்பு? முன்பதிவு நிறையும்.

---

பினாங்கு_கரையோரம்

மடோனா இன் புதிதாகக் கட்டியது. கற்பனையை நம்பியே எழுப்பிய இடம், அங்கே குகை அறை பொருந்தும். நிரை அண்ணன் கையில் இருப்பது பழைய வீடு. அவர் போய்ப் பார்க்க வேண்டிய இடம் பினாங்கில் லெய்த் ஸ்ட்ரீட்டில் இருக்கும் நீல மாளிகை, சியோங் ஃபாட் ஸி மாளிகை.

திருமண நாளுக்கு என் வீட்டுக்காரர் அங்கே அழைத்துப் போனார். அது ஒரு ஹக்கா சீன வணிகரின் குடியிருப்பு. சீனாவில் பரம ஏழையாகப் பிறந்து, இந்தக் கடல் வட்டாரத்திலேயே பெரும் செல்வந்தராகி 1916ல் இறந்தவர். வீட்டில் 38 அறை, 5 முற்றம், 7 படிக்கட்டு, 220 ஜன்னல். வாரிசுகள் விற்ற பிறகு இடிபடாமல் காப்பாற்றியது பினாங்கு ஆட்களே. பழுதுபார்த்த வேலைக்கு 2000த்தில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருது கிடைத்தது.

ஹோட்டலாக நடத்த ஆரம்பித்தபோது அறை ஒவ்வொன்றுக்கும் தனி அலங்காரம். ஆனால் வெளியிலிருந்து எதையும் இறக்குமதி செய்து ஒட்டினது மாதிரி எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் ஏற்கனவே எல்லாம் கலந்திருக்கிறது. ஸ்காட்லாந்து வார்ப்பிரும்புத் தூண், இங்கிலாந்துத் தரை ஓடு, சீனத்துத் தங்கப் பூச்சு மரச்செதுக்கு, உடைந்த பீங்கான் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த கூரைச் சிற்பம். அறையில் இருக்கும் கட்டிலும் விரிப்பும் அந்தக் கலப்பிலிருந்தே எடுத்தது மாதிரி இருந்தது. ராத்திரி மழை முற்றத்தில் கொட்டியது. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த மழைதான் எங்கள் அறையின் அலங்காரம் என்று சொல்வேன், பொய்யில்லை.

---

சுண்ணாம்புக்கொத்தன் (தைப்பிங்)

நீல மாளிகை பற்றிப் பேச்சு வந்ததால் தொழில் விசயம் கொஞ்சம்.

அந்த நீலம் கடையில் வாங்கும் பெயிண்ட் இல்லை. சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து அடித்தது. அந்தக் காலத்தில் நீலம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. திண்டிவனம் பக்கம் இன்னமும் அவுரி பயிரிட்டு ஊறவைத்து நீலம் எடுக்கிறார்கள். நம்ம முன்னோர் ஏறி வந்த அதே கடல் வழி.

ஏன் சுண்ணாம்பு? நம்ம ஊர் மழைக்கும் வெக்கைக்கும் சுவர் எப்போதும் ஈரத்தை இழுக்கும். தரையிலிருந்தும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டோ எண்ணெய்ப் பெயிண்டோ அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு உப்புப் பூக்கும், கொஞ்ச நாளில் பொரிந்து கொட்டும். பாரிஸ் அறைக்குச் சுவர்க்காகிதம் ஒட்டப் போகிறார்கள் என்றால் இப்போதே சொல்லுங்கள், பழைய செங்கல் சுவரில் அது நிற்காது. பின்னால் கருப்புப் பூஞ்சை பிடித்தால் எந்த வாசனைத் திரவியமும் மறைக்காது. அறைக்கு அறை வித்தியாசம் வேண்டும் என்றால் சுண்ணாம்பிலேயே நிறம் மாற்றலாம். காவி, மஞ்சள் மண், நீலம், கரி. எல்லாம் மண்ணும் செடியும்தான்.

---

லயத்துப்_பையன்

எட்டு அறைன்னு சொன்னீங்க அண்ணே. ஒரு ராத்திரிக்கு எவ்ளோ வாங்குவாங்க?

---

நிரை_நாற்பது

இன்னும் முடிவாகலை தம்பி. ஈப்போவில் இருக்கிற நல்ல ஹோட்டல்களை விட அதிகமாகத்தான் இருக்கும்.

---

கேமரன்_குளிர்

ஆங்கிலக் கிராமத்து அறை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி. எங்கள் மலையில் ஸ்மோக் ஹவுஸ் என்று 1930களில் கட்டிய ஹோட்டல் இருக்கிறது. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டம், உள்ளே கணப்பு, நாலு தூண் கட்டில். பார்த்தால் இங்கிலாந்தைப் பெயர்த்து வைத்த மாதிரி. ஆனால் அது பொய்யாகத் தெரியாது. குளிருக்காகவும் ஊர் ஞாபகத்துக்காகவும் மலைக்கு ஏறிய வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகவே கட்டிக்கொண்டது அது. கணப்பு எரிந்தால் அங்கே உண்மையிலேயே இதமாக இருக்கும்.

சுங்கை சிப்புட்டில் கணப்பு வைத்தால் யாருக்கு? குளிர்சாதனத்தை முழுக்கத் திருப்பிவிட்டு, நெருப்புப் படம் ஓடும் திரைக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான். அதை மட்டும் தடுத்து விடுங்கள்.

---

தமிழ்ப்பள்ளி_வாத்தியார் (பணி ஓய்வு)

நல்ல இழை. நிதானமாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பழம்பெரும் ஹோட்டல்கள் அறைக்குப் பெயர் வைப்பதில் ஒரு வழக்கம் உண்டு: வந்து தங்கிய பெரிய மனிதரின் பெயர். ஆர்மீனிய வம்சத்துச் சார்க்கீஸ் சகோதரர்கள் 1885ல் பினாங்கில் ஈ அண்ட் ஓ ஹோட்டலைத் தொடங்கினார்கள், 1887ல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ். ராஃபிள்ஸ் ஆரம்பத்தில் கடற்கரைச் சாலையில் பத்து அறை கொண்ட ஒரு பங்களா மட்டுமே என்பதை நிரை அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இன்று அங்கே சாமர்செட் மாம், நோயல் கவர்ட், சார்லி சாப்ளின் பெயர்களில் அறைகள். இஸ்தான்புல்லின் பெரா பேலஸில் அகதா கிறிஸ்டி தங்கிய 411ஆம் அறை பிரபலம். அத்தாதுர்க் தங்கிய 101ஆம் அறையை யாருக்கும் வாடகைக்கு விடாமல் அருங்காட்சியகமாகவே வைத்திருக்கிறார்கள்.

இவை எல்லாம் சரியே. ஆனால் கட்டியவர் பெயரில், பெருக்கித் துடைத்தவர் பெயரில், சமைத்தவர் பெயரில் ஓர் அறையை நான் எங்கும் பார்த்ததில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம், பத்து காஜாவின் கெல்லிஸ் காசல். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டத் துரை, சென்னைப் பக்கமிருந்து வேலையாட்களையும் செங்கல்லையும் ஓடுகளையும் வரவழைத்துக் கட்டியது. இடையில் ஸ்பானியக் காய்ச்சல் வந்து அந்தத் தொழிலாளர் பலர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் கேட்டதால் அருகிலேயே மாரியம்மன் கோயில் எழுந்தது. அதன் கூரையில் தெய்வ உருவங்களுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியும் அணிந்த ஓர் உருவம் நிற்கிறது, அதுதான் துரை என்று காட்டுவார்கள். ஸ்மித் 1926ல் லிஸ்பனில் இறந்தார், மாளிகை முடியவே இல்லை. துரையின் பெயர் பலகையில் இருக்கிறது. அந்தக் கொத்தனார்களில் ஒருவர் பெயரையாவது யாராலும் சொல்ல முடியுமா?

எட்டு அறையில் ஒன்றிரண்டு அவர்களுக்கு என்று இருக்கட்டும். ரப்பர் பால் பிடித்த மங்கு, மரம் சீவிய உளி, பால் சுமந்த காண்டா வாளி, வேலைக்குப் போனவர்கள் பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயாக்கொட்டகையின் சேலைத் தூளி, இவற்றையே அலங்காரமாக வைக்கலாம்.

---

லயத்துப்_பையன்

வாத்தியார் ஐயா, உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

எங்க பாட்டி விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு பெரட்டுக்கு, பேர் கூப்பிடுற இடத்துக்கு, ஓடுவாங்க. மழை பேஞ்சா பால் வெட்டு இல்ல, கூலியும் இல்ல. எங்க அம்மாவ ஆயாக்கொட்டாய்ல தூளியில போட்டுட்டுத்தான் ரப்பர் மர நிரைக்குப் போனாங்க. வயசான பிறகும் அவங்க கையில அந்தப் பால் வாடை போகல. அந்தப் பங்களா படியில கூட அவங்க ஏறினது இல்ல, சம்பளக் குறை சொல்லப் போனாலும் கீழ நின்னுதான் பேசணும்.

இப்ப அதே தூளிய அதே பங்களாவுல தொங்கவிட்டு, ஒரு ராத்திரிக்கு எங்க பாட்டியோட பல மாசச் சம்பளத்த வாங்குவாங்க. வந்தவங்க அதுல உக்காந்து படம் எடுப்பாங்க. வேணாம் ஐயா. பாரிஸ் அறையே வச்சிட்டுப் போகட்டும். அது பொய்யா இருந்தாலும் யாரையும் காயப்படுத்தாது.

---

ஈப்போ_வெள்ளைக்காப்பி

தம்பி சொல்வது எனக்கு உறைக்கிறது. அப்படியானால் இன்னொரு யோசனை. சுங்கை சிப்புட் என்றாலே வெளிநாட்டு ஆட்களுக்கு 1948 தான் ஞாபகம் வரும். ஜூன் 16, எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் நாடு முழுக்க அவசரகாலம், 1960 வரை நீடித்தது. அந்தக் காலத்து வானொலி, வரைபடம், மணல் மூட்டை வைத்து ஓர் அறை செய்தால்? படித்தவர்கள் தேடி வருவார்கள்.

---

கிராணி_மகள்

இந்த இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். என் அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவில் வளர்ந்தவள் நான். இரண்டு பக்கத்து வாசலும் தெரியும்.

முதலில் 1948. ஈப்போ தம்பி, அந்த மூன்று பேருக்கும் குடும்பம் இருந்தது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் நம் ஆட்களையும் முள்வேலிக்குள் கூட்டி வைத்தார்கள். அரிசிக்கே கட்டுப்பாடு. கொலையைச் சொல்லத்தான் வேண்டும், ஊரின் வரலாறு அது. ஆனால் யாரும் கட்டில் போட்டுத் தூங்கும் இடத்தில் வேண்டாம். முன்கூடத்தில் ஒரு சுவரில் நேராக எழுதி வையுங்கள். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போய்த் திரும்பாதவர்களையும் அதே சுவரில் எழுதுங்கள். அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களின் பெயர் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் இன்னும் கிடைக்கும், தள்ளிப்போட்டால் கிடைக்காது.

இப்போது லயத்துப் பையனுக்கு. தம்பி, நீ சொன்னதில் ஒரு வார்த்தை கூட மறுக்க மாட்டேன். வறுமையை அலங்காரப் பொருளாக்குவது அசிங்கம். தூளியும் வேண்டாம், காண்டாவும் வேண்டாம். ஆனால் பாரிஸ் அறை யாரையும் காயப்படுத்தாது என்று எழுதினாயே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அந்த வீட்டில் நம் ஆள் யாருமே இருந்ததில்லை என்று அது சொல்லிவிடும். பங்களாவின் முன்வாசல் படியில் உன் பாட்டி ஏறியிருக்க மாட்டார். பின்வாசல் வழியாக எத்தனையோ பேர் தினமும் உள்ளே வந்தார்கள். துணி வெளுத்து இஸ்திரி போட்டவர்கள், பிள்ளை பார்த்த ஆயாக்கள், பூச்செடி வைத்தவர்கள். குசினியில் பெரும்பாலும் ஹைனான் சீனர் இருப்பார். எங்கள் தோட்டத்தில் அவருக்குக் கீழே ஒரு தமிழ் அம்மா இருந்தார். தேங்காய்ப்பால் ஊற்றி அவர் வைத்த கோழிக்கறியைத் துரை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அது கைத்திறமை, வறுமைக் கதை இல்லை.

அறையின் கரு அந்தத் திறமையாக இருக்கட்டும் என்கிறேன். இஸ்திரி போட்ட அறை எது? அங்கே நல்ல பருத்தி விரிப்பு, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல், மரக்கொடியில் தொங்கும் வெள்ளைத் துணி. அது போதும், எந்தப் பொம்மையும் வேண்டாம். பூந்தோட்டத்தைப் பார்த்த அறைக்கு மல்லிகையும் கனகாம்பரமும் ஜன்னலுக்கு வெளியே. கிராணியின் அறையில் அந்தப் பெரிய பேரேடும் மைக்கூடும், என் அப்பாவின் கையெழுத்து அச்சுப் போல இருக்கும், அந்த மாதிரிக் கையெழுத்தில் அறை எண்ணை எழுதலாம். இவற்றில் தங்குபவர் ஒரு தொழிலின் நேர்த்தியைத் தொட்டுப் பார்ப்பார். யாருடைய துயரத்திலும் உட்கார்ந்து படம் எடுக்க முடியாது.

இன்னொன்று. அந்த அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு எடுப்பது யாரை? லயத்துப் பிள்ளைகளை முன்வாசலில் வரவேற்பு மேசையில் உட்கார வைப்பார்களா? இதைக் கேட்காமல் பெயர்ப்பலகை மட்டும் பேசிப் பயனில்லை.

---

பந்திங்_அக்கா

கிராணி மகள் அக்கா, அந்தக் கஞ்சி போட்ட துணி வாசம் அப்படியே மூக்குக்கு வந்துவிட்டது. எங்க பெரியம்மா பங்களா ஆயா. பேச ஆரம்பித்தால் விடிய விடியச் சொல்லுவார்.

---

பினாங்கு_கரையோரம்

தமிழ்நாட்டில் செட்டிநாட்டு வீடுகள் சிலவும் இப்போது ஹோட்டல். கானாடுகாத்தானில் விசாலம் என்று ஒன்று, ஒரு தகப்பனார் மகளுக்காகக் கட்டி அவள் பெயரையே வைத்த வீடு. பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல். அந்தக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் நிறக் கலவை ஊற்றி, கையாலேயே கோலம் இழுத்துச் செய்கிறார்கள், சூளையே கிடையாது. அந்த வட்டாரத்து மாளிகைகளுக்குப் போன பணத்தில் மலாயாவில் கொண்டுவிற்ற (வட்டித் தொழில் செய்த) பணமும் நிறைய உண்டு. ஒரு குளியலறைத் தரைக்காவது அந்தக் கல் வரட்டும் அண்ணே. பணம் போன வழியில் கல்லாவது திரும்பி வரட்டும்.

---

லயத்துப்_பையன்

அக்கா, யோசிச்சேன். இஸ்திரி அறைக்கு எனக்கு மறுப்பு இல்ல. ஆனா யாரோ ஒரு "ஆயா"ன்னு போடக்கூடாது. பேரு போடணும். குடும்பத்தக் கேட்டுட்டுப் போடணும். அவங்க வேணாம்னா விட்டுடணும். அப்புறம் நீங்க கடைசியா கேட்டது, வேலை விசயம், அதுக்குப் பதில் வந்தப்புறம்தான் நான் முழுசா ஒத்துக்குவேன்.

---

நிரை_நாற்பது

எல்லாருக்கும் நன்றி. இந்தப் பக்கங்களை அச்செடுத்து வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தேன். அலங்காரப் பெண்ணும் இருந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து முழுக்கப் படித்தார்கள். நான் வாசலில் நின்று கதவுக் கீல் பார்த்துக்கொண்டிருந்தேன், மனசு வேலையில் இல்லை.

ஆப்பிரிக்கா, பாரிஸ், மொரோக்கோ மூன்றும் போய்விட்டன. ஆங்கிலக் கிராமத்து அறை துரையின் படுக்கையறையாக, அவர் வைத்திருந்தபடியே நிற்கும். பழைய மேசையும் பிரம்பு நாற்காலியும் மேல்மாடத்தில் கிடைத்தன, கணப்பு கிடையாது. வடக்கு மூலை இஸ்திரி அறை. கிராணி மகள் அக்கா சொன்ன பூந்தோட்ட அறை கிழக்கில். செங்கால் மரம் அறுத்து இழைத்தவர்களுக்கு ஓர் அறை, அதில் தரையை மெருகு போடாமல் இழைப்புளித் தடம் தெரிய விடப்போகிறேன், அது என் ஆசை. இன்னொன்று பால்மரத்துக்கு. 1877ல் கோலகங்சாருக்கு வந்த முதல் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது, அதன் இலையை அச்சு எடுத்துத் துணியில் பதிக்கலாம் என்று அலங்காரப் பெண்ணே சொன்னார். உளி, மங்கு எதுவும் சுவரில் வராது. குசினிக்கு அடுத்த அறைக்கு இன்னும் முடிவில்லை. மற்ற இரண்டும் இப்போதைக்கு வெறும் சுண்ணாம்பு நிறம்.

முன்கூடச் சுவருக்குச் சம்மதித்துவிட்டார்கள். பெயர் சேர்க்கும் வேலையை வாத்தியார் ஐயா ஏற்றுக்கொண்டால் நல்லது.

வேலைக்கு ஆள் எடுப்பதைப் பற்றிக் கேட்டேன். "ஊர் ஆட்களுக்கு முதல் இடம்" என்றார். எழுத்தில் கேட்டிருக்கிறேன் தம்பி. வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

கொத்தனார் அண்ணே, ஒரு கேள்வி. கிழக்கு அறைக்கு அவுரி நீலம் கேட்கிறார்கள். வெயில் நேராக விழும் சுவர். வெளிறிப் போகுமா?

---

தமிழ்ப்பள்ளி_வாத்தியார்

ஏற்றுக்கொள்கிறேன். சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பெரியவர்களைக் கூப்பிடுகிறேன். லயத்துப் பையனும் கூட வர வேண்டும், எழுதுவதற்கு எனக்கு ஒரு கை வேண்டும். தூளி யோசனையைத் திரும்பப் பேச மாட்டேன்.

---

லயத்துப்_பையன்

வரேன் ஐயா. பாட்டியோட தங்கச்சி இன்னும் இருக்காங்க, காடியில கூட்டிட்டு வரேன்.

---

சுண்ணாம்புக்கொத்தன்

நிரை தம்பி, வெயில் நேராக விழுந்தால் நீலம் மெல்ல மெல்ல வெளிறும், உண்மை. உள்சுவருக்குத் தாராளமாக அடிக்கலாம், ஜன்னல் சட்டத்தில் பலகை அடைப்பு இருக்கிறதல்லவா, அது பாதி வெயிலைத் தடுத்துவிடும். வெளிச்சுவருக்கு மஞ்சள் மண் போதும்.

முதலில் பழைய பூச்சைச் சுரண்டிச் சிமெண்ட் ஏதும் ஏறியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். நீற்றின சுண்ணாம்பு நன்றாகப் புளித்திருக்க வேண்டும், அவசரப்பட வேண்டாம். நீலத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஈரத்தில் கருநீலமாகத் தெரியும், காய்ந்தால் பாதிதான் நிற்கும். மெல்லிசாகப் பல கை அடிக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒரு முழம் அடித்துப் பார்த்து, ஒரு மழைக்காலம் போகட்டும், பிறகு முழுச் சுவரைத் தொடலாம். நான் அடுத்த வாரம் ஈப்போ வருகிறேன், பங்களா சாவி இருந்தால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன்.